திருப்பி அடி

ஜூன் 3

இன்றைக்கு ஒருத்தன் மேல் டியூபை வீசினேன். காற்று இறங்கின டியூப்தான். செத்த பாம்பு மாதிரி போய் அவன் கழுத்தில் விழுந்தது. பைக்கைப் பஞ்சர் ஒட்ட விட்டுவிட்டு, "கடையில ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டான். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நான் இருக்கேன். ஆனா பஞ்சர்னு வந்தா அவதான், நான் எழுந்திருக்கிறதில்ல" என்றார். அவன் போன பிறகு எனக்குத் திட்டு. "உன் கைக்கு முதல்ல ஒரு பிரேக் வெக்கணும்டி."

வேலை முழுக்கக் காதில் 'துரு'. ராக் குழு, மூன்று பேர். கத்துவதற்கு ஒரு பெண், கிடாருக்கு ஒருத்தன், டிரம்ஸுக்கு ஒருத்தன். எட்டே பாட்டு போட்டார்கள், தண்ணித் தொட்டிக்குள் உட்கார்ந்து பதிவு செய்த மாதிரி. யாரும் சீண்டவில்லை. காணாமல் போய்விட்டார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அஞ்சாவது பாட்டில் ஒரே ஒரு வரிதான் புரியும்:

அடி! அடி! திருப்பி அடி!

காலேஜில் என் கன்னத்தைத் தொட்டுப் பேசின வாத்தியார் மேஜையை நான் எட்டி உதைத்தபோது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் விழுகிற இடத்தில் சரியாக மேஜை விழுந்தது. நான் காலேஜை விட்டேனா, காலேஜ் என்னை விட்டதா — இரண்டும்தான்.

ஜூன் 6

சாப்பாட்டில் முடி கிடந்ததாம். அண்ணன் அண்ணியை அறைந்தான், அறைந்தான், கை ஓய்கிற வரைக்கும் அறைந்தான். நான் ஸ்டூலை எடுத்து அவன் முதுகில் வைத்தேன். ஸ்டூலுக்கு ஒரு கால் போச்சு.

ஜூன் 7

அம்மா அண்ணி உதட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்றாள்.

"அணைக்கிற கை எங்கம்மா? ஸ்டெப்னியா மாட்டி வெச்சிருக்கானா?" என்றேன். அண்ணி சிரித்துவிட்டாள். உதடு மறுபடி பிளந்து ரத்தம் வந்தது. சிரிக்க வைத்ததற்கும் அம்மா என்னைத்தான் திட்டினாள்.

பிறகு அண்ணி காதில் இயர்போனை வைத்து அஞ்சாவது பாட்டைப் போட்டேன். தைரியம் வரட்டும் என்று. கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது அடிக்கச் சொல்ற பாட்டா? இல்லியே. திரும்பச் சொல்றாங்க. திரும்பிடடி, திரும்பிடடின்னு."

"உங்களுக்குக் காதுலயும் அடி விழுந்திருக்கு அண்ணி."

"உங்கண்ணன் பைக்ல ஏறினப்ப எங்கம்மா தெருவில நின்னு இப்படித்தான் கத்தினாங்க. நான் திரும்பல." இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா? அடி என்றால் அடி.

ஜூன் 10

சோடாபுட்டி போன். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறான். கண்ணாடி அவ்வளவு தடிமன். உலகத்தில் துருவைக் கேட்கிற இன்னொரு ஜீவன் அவன்தான். ஒரு பாட்டுக்குக் கீழே கமெண்டில் சண்டை போட்டுத்தான் பழக்கமானோம்.

"செத்துட்டியா? செத்திருந்தா எழுந்திரு. துரு வாசிக்கிறாங்க. சனிக்கிழமை இல்ல, அடுத்த சனிக்கிழமை. மூடிக் கிடக்கிற பர்னிச்சர் கிடங்குல. சாயங்காலம்."

பக்கத்தில் இருந்த டயரை உதைத்தேன். கால் வீங்கிவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 14

எழுதக் கை வரலை.

நான் கடையில இருக்கிற நேரமாப் பாத்து அண்ணன், அண்ணி கையைக் கதவு இடுக்குல வெச்சுச் சாத்தியிருக்கான். ரெண்டு விரல். அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்கு. தண்ணி பிடிக்கப் போயிட்டாளாம்.

நான் அவனைத் தேடிக் கிளம்பினேன். அண்ணி கட்டுப் போட்ட கையோடு வாசலை மறித்தாள்.

"நீ போய் அடி. அப்புறம்? நீ ஸ்டூலால அடிச்சதுக்குத்தான் இது. உன்கிட்ட வாங்கறதை எல்லாம் அவர் எங்கிட்டதான் திருப்பி அடிக்கிறார். நீ அடிக்க அடிக்க எனக்கு ரெட்டிப்பு. தெரியுமா உனக்கு?"

தெரியலையே. எனக்குத் தெரியலையே!

அப்ப நான் என்ன பண்ணட்டும்? கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா? அம்மா மாதிரி தண்ணி பிடிக்கவா?

இல்லை. அரைகுறையாக அடித்ததுதான் தப்பு. எழுந்தால்தானே திருப்பி அடிப்பான்? ஒரே அடி. எழுந்திருக்கவே கூடாது. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று சொல்வார்களே, அண்ணனுக்கே அது உதவட்டும்.

ஆனால் துருவைப் பார்த்த பிறகுதான். அதற்கு முன்னாடி ஜெயிலுக்குப் போனால் எனக்குக் கட்டுப்படியாகாது.

ஜூன் 17

ரிம்மிலிருந்து டயரை நெம்புகிற லீவரில் ஒன்று, முழங்கை நீளம். துணியில் சுற்றிப் பையில் போட்டுவிட்டேன். "லீவர் எங்கடி?" என்றார் முதலாளி. தெரியாது என்றேன்.

ஜூன் 21, காலை

அண்ணியையும் கூட்டிப் போகிறேன். நான் இல்லாத வீட்டில் அவளை விட்டுப் போவதா? விரலுக்குக் கட்டு மாற்றப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பை கனமாக இருப்பதைப் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி பிடிக்கப் போனாள்.

ஜூன் 22

வாய் வீங்கியிருக்கு. ஒரு பல் ஆடுது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதணும்.

கிடங்கில் நாலைந்து வரிசைக்குத்தான் ஆள். பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். மேடை என்று ஒன்றுமில்லை, பழைய கட்டில் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். அவர்கள் வந்தார்கள். நான் மனசில் வைத்திருந்தது வேறு ஆட்கள். டிரம்ஸ்காரருக்குத் தொப்பை. கிடார்காரர் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். பாடுகிற அக்கா படிய வாரின தலையோடு, பாங்கில் டோக்கன் கொடுக்கிறவர் மாதிரி இருந்தார். சோடாபுட்டி என் காதில், "இவங்கதானா? விசாரிச்சுட்டு வரவா?" என்றான்.

அந்த அக்கா வாயைத் திறந்தார்.

ஷட்டரை நடுவில் கிழித்த மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். புகை மெஷினால்தான் என்றேன். "புகை மெஷினே இல்லியே" என்றான். முதுகில் ஒன்று வைத்தேன்.

முன்னால் போய் ஆடிக்கொண்டே முட்டினேன். எல்லாரும் முட்டினார்கள். யாரோ ஒருத்தன் முழங்கை என் மூக்கில். ரத்தம். "சாரிம்மா!" என்று அவனே பிடித்துத் தூக்கிவிட்டு மறுபடி முட்டினான். அடி வாங்கி இப்படிச் சிரித்தது இல்லை. அண்ணி சுவரோரம், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

நாலு பாட்டு முடிந்து அந்த அக்கா மூச்சு வாங்கினார். "அடுத்தது என் தங்கச்சிக்கு எழுதினது. வேண்டாத இடத்துக்குக் கிளம்பிப் போனா. பின்னாடியே கத்திக்கிட்டு ஓடினேன். அவ காதுல விழல."

டிரம்ஸ். அந்த டிரம்ஸ்.

அடி! அடி! திரும்பிடடி!

தெளிவாக விழுந்தது. தண்ணித் தொட்டி இல்லை, ஒன்றும் இல்லை. தி-ரும்-பி-ட-டி. நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன். அண்ணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நான்தான் சொன்னேனே' என்கிற சிரிப்புகூட இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

அதே நேரம் அவள் தலை பின்னால் சாய்ந்தது. முடியைப் பிடித்திருந்தான். அண்ணன். அம்மாதான் சொல்லியிருக்கணும், நான் போன்ல கிடங்கு கிடங்குன்னு பேசினதைக் கேட்டவ வேற யாரு?

சுவரில் அவள் தலையை மோதினான். நான் போய் விழுந்தேன். வாயில் குத்தினான், பல்லோடு சேர்த்து. நான் கடித்தேன். அவன் என்னை உதறி ஆட்டக்காரர்கள் நடுவில் தள்ளினான், அவர்கள் பாட்டுக்குத்தான் என்று நினைத்து அவனையும் இழுத்து முட்டினார்கள். அவன் நிஜமாகவே குத்தினான். யாரோ திருப்பிக் குத்தினார்கள். கீழே விழுந்தான்.

லீவர் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் தெரியாது. எங்கே வைத்து எவ்வளவு அழுத்தணும் என்று இந்தக் கைக்குத் தெரியும். தூக்கினேன்.

அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டான். அண்ணி செய்வாளே, அதே மாதிரி. அச்சு அசல்.

இறக்கவேண்டிய லீவர் இறங்கவில்லை. அண்ணி பிடித்திருந்தாள். உடைந்த விரல் இருக்கிற கையால்.

"போதும்டி."

என்னை அவள் டி போட்டதே இல்லை.

"நான் எங்கம்மாகிட்ட போறேன். திரும்புடி. வாசல் அந்தப் பக்கம்."

லீவர் விழுந்தது. திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் என் துரு வாசித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பாட்டைப் பாதியில் விட்டு நடந்தேன். நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் டிரம்ஸ் என்னை உள்ளே இழுத்தது. அண்ணி என் கையை விடவில்லை. மழையில் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, "உன் மூக்கைத் துடை" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 23

அவன் நெற்றியில் தையல். "எங்கடி அவ?" என்று கதவை உதைக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தாலும் வலி. அம்மா தயங்கித் தயங்கி என் பக்கத்தில் ஒரு துணிப்பையை வைத்தாள். அண்ணியுடைய துணிகள், மடித்து.

"எதுவும் எடுத்துட்டுப் போகலியே. அனுப்பிடு" என்றாள்.

நீதானே அவன்கிட்ட சொன்னே என்று கேட்க வந்தேன். அவள் பையின் வாயை முடிந்தாள், அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள். கேட்கவில்லை.

ஜூன் 24

அண்ணி போன். "அம்மா கதவைத் திறந்தாங்க. ஏன் வந்தேன்னு கேக்கல. உள்ள வா, மழையில நனையாதேன்னாங்க. இங்க மழையே இல்ல."

ஜூன் 26

சோடாபுட்டி கடைக்கு வந்து லீவரை மேஜையில் வைத்தான். முதலாளி லீவரைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், டீ சொல்லப் போய்விட்டார்.

"உங்கண்ணன் எழுந்து உங்க பின்னாடி ஓடப் பாத்தான். நான் அவன் கால்ல உக்காந்துட்டேன்."

"நீயா?"

"கண்ணாடியைக் கழட்டிட்டேன். ஆள் எவ்வளவு பெரிசுன்னு தெரியலன்னா பயம் இருக்காது."

சிரித்தேன், பல் வலித்தது. அப்புறம்தான் சொன்னான்: டிரம்ஸ்காரருக்குக் குச்சி உடைந்துவிட்டதாம். கீழே கிடந்த இரும்பை இவன் நீட்டியிருக்கிறான். கடைசிப் பாட்டு முழுக்க அதால்தான் தட்டினாராம். போனில் பிடித்து வைத்திருந்தான். கேட்டேன். கடைசிப் பாட்டுக்குக் குறுக்கே ணங், ணங் என்று ஒரு சத்தம்.

அண்ணன் தலையில் விழவேண்டிய சத்தம்.

மறுபடி போடச் சொன்னேன்.

ஜூலை 2

சாயங்காலம் லாரி டயர் ஒன்று. ரிம்மோடு துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. லீவரை நுழைக்கும்போது நிழல் விழுந்தது. அண்ணன்.

"எங்க இருக்கா, சொல்லு."

அவன் பார்வை என் முகத்தில் இல்லை, லீவரில் இருந்தது. ரொம்ப நேரம். தெரு முழுக்க வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன, எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். டயர் பக்கம்.

குனிந்து நெம்பினேன். வரவில்லை. இன்னொரு அடி நகர்ந்து, அங்கே வைத்து நெம்பினேன். பின்னால் அவன் மூச்சு. பிறகு செருப்புச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

டயர் டப்பென்று விட்டது.