நான் பார்க்காத படங்கள்

அம்மான்,
ஞாயிறு காலை

என் ருதைனாவுக்கு,

நானும் நம் மகள் லமீஸும் நலம். நீயும் உன் மருத்துவக் குழுவும் அந்த மௌரித்தானிய வெயிலைச் சகித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனை எடுக்கவே இல்லை. நர்ஸ் ஹனான் நாளை மருந்துப் பெட்டிகளோடு அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் தலைபோகிற விஷயம். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் படம் எடுத்து முடித்ததும், வழக்கம்போல மெமரி கார்டை மணப்பெண்ணின் தாய் உம்மு ஸுஹைப் கையில் கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினாய் அல்லவா? நீ கொடுத்தது வேறு கார்டு. போன தடவை அங்கே உதடு பிளந்த பிள்ளைகளுக்கு உன் குழு டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்தபோது நீ எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. கல்யாணக் கார்டு உன் பையில்தான் இருக்க வேண்டும். முக்காடு இல்லாமல் ஆடிய பெண்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். தயவுசெய்து எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைப் போடாதே. உன் குழுவில் ஆண் டாக்டர்களும் உண்டு. ஓர் ஆண் பார்த்தான் என்று தெரிந்தால், இனி இந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

உம்மு ஸுஹைப் நேற்று நம் மருந்துக் கடைக்கே வந்துவிட்டார். இருமல் மருந்துக்கு நின்றவர்கள் முன்னாலேயே, "உம் பொண்டாட்டி எங்கப்பா? எம்பொண்ணைப் பையில போட்டுக்கிட்டுப் பறந்துட்டாளே!" என்று பிடித்துக்கொண்டார். உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். ஏலக்காய் போதாது என்றார். கோபம் பாதி இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சம்பந்தி வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, தட்டு நிறைய கினாஃபா இனிப்பு வைத்து, டிவியில் கார்டைப் போட்டிருக்கிறார். மணப்பெண் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறுமி வந்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் துணியால் வாயை மூடியிருக்கிறாளாம். ஒன்றில் மட்டும் துணியை விலக்கி, பிளந்த உதட்டோடு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளாம். அதன் பிறகு யாரும் கினாஃபாவைத் தொடவில்லையாம்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்ப்பா, அந்தப் புள்ள உம் பொண்டாட்டிக்குன்னுதானே முகத்தைத் திறந்துச்சு? நாங்க அத்தனை பேரும் உக்காந்து பாத்துட்டோமே. எம்பொண்ணுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார். கார்டைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்து, "நீயும் பாக்கக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றார். பண்ணித் தொலைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, "அவளுக்கு உதடு சேந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா, எனக்குத் தூக்கமே வரல" என்றார்.

அந்த முடிச்சு மேசை டிராயரில் இருக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் அந்தப் பெண்? அவர்கள் பேசும் அரபு நமக்குப் பாதிதானே புரியும், என்ன சொல்லி அவளைச் சிரிக்கவைத்தாய்? லமீஸ் வேறு, "உம்மா கேமராவைத் தூக்குனா அந்தப் பிள்ளைங்க சிரிக்குமா, அழுமா வாப்பா?" என்று துளைக்கிறாள். நீ ஒவ்வொரு முறையும் திரும்பிவந்து, "வேலை நல்லா நடந்துச்சு" என்பாய். மறுநாளே யாருடைய கல்யாணத்துக்காவது கிளம்பிவிடுவாய். ஊரில் எந்தப் பெண் எந்த நிறத்தில் உடுத்தினாள் என்று நீ சொல்லி எனக்குத் தெரியும். அங்கே நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று தெரியாது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஹனான் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். கல்யாணக் கார்டைத் துணியில் சுற்றி அவரிடமே கொடுத்துவிடு.

இறைவன் உன் கண்களைக் காப்பானாக. அந்தச் சிறுமியின் செய்தியை மட்டும் யார் கையிலும் கொடுத்தனுப்பாதே, ருதைனா. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப்போடாமல், நீயே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

உன்
ஹாத்திம்