ஏற்காட்டுச் செடியும் என் கண்ணும்

காரிமங்கலம்
14.9.2025

அன்பு மகன் ஆனந்துக்கு,

அம்மா ஆசீரோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், அங்கே துபாயில் நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசி வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வரி கோணலாக இருக்கும், ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மே மாதம் ஏற்காட்டில் வாங்கிய பெரணிச் செடியை முன்னறையில் வைத்துவிட்டு நீ சொன்னது மறக்கவில்லை. "இந்த வெயில்ல இதுவே பொழைக்காதும்மா, நீங்க எப்படித் தனியா இருப்பீங்க? இது கிறிஸ்மஸ் வரைக்கும் உயிரோட இருந்தா இனிமே முதியோர் இல்லம்னு பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா கட்டிய வீட்டைவிட்டு நான் எங்கும் வருவதாக இல்லை. இவ்வளவு வீம்பு பிடித்தவள் செய்த காரியத்தைக் கேள். செடிக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று, அந்தோணியார் கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைத் தினம் அரை டம்ளர் ஊற்றினேன். மந்திரித்த உப்பை அதில் கரைத்தவளே நான்தான், உப்பு செடிக்கு ஆகாது என்பது நினைப்பில் இருந்தால்தானே! அந்தோணியார் மேல் குற்றமில்லை, என் புத்தி அப்படி. மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வந்தாள். "ஏங்க்கா, எலயெல்லாம் கருகிக் கெடக்குது, உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றாள். தெரியவில்லை ஆனந்து. எனக்கு எல்லாம் மங்கலாக, பச்சை போலத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

பயந்தேனே தவிர விடவில்லை. இரண்டு பேரும் வேரை அலசி, தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் கலந்து வேறு தொட்டியில் வைத்தோம். கருகியதை அவள் நறுக்கினாள். போர் தண்ணீரும் உப்பு என்று நிறுத்திவிட்டு, குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர்தான் விடுகிறேன். ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி பாத்ரூம் பக்கம் ஈரக்காற்று படும்படி வைத்து, அடியில் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர், கண்ணை நம்புவதில்லை. நேற்று செடியின் நடுவில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. நாய்க்குட்டி வால் மாதிரி சுருண்ட புதுத் தளிர், மூன்று இருக்கிறது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று இதோடு முடித்திருக்கலாம், ஆனால் அது நியாயமில்லை. ஒரு வருடமாகவே கண் மங்குகிறது, சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வாய் என்று மறைத்தேன். போன வாரம் தருமபுரியில் காட்டினேன், புரை முற்றிவிட்டதாம். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன், குள்ளம்மாள் கூட வருகிறாள், செடியையும் அவள் பார்த்துக்கொள்வாள். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. நான் முடிவு எடுத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளையை ஏசிக்கு நேரே படுக்கவைக்காதீர்கள். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. என்னைக் கூட்டிப்போக வராதே, என்னைப் பார்க்க வா. போன தடவை நீ எதிரே நின்றபோது உன் முகமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி சிரித்தேன்.

உன் அம்மா,
பாக்கியமேரி