ஸ்டெல்லாவின் குளவிகளில் முதல் ஆண்

என் ஸ்டெல்லா கண்ணே,

நீ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நம் குவார்ட்டர்ஸ் பின்பக்க எலுமிச்சை மரத்தில், வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள் இருந்த இலையை நீ பறித்து வந்தாய். புழு வருமென்று பார்த்திருந்தோம். முட்டைகள் கறுத்தன. பிறகு ஊசி குத்தியது போன்ற துளைகள் வழியே தூசி வெளியே வந்து நடந்தது. "அக்கா, குளவிக்கா! முட்டைக்குள்ளயே முட்ட வச்சி, உள்ள இருந்தத தின்னு வளந்துகினு வருது" என்று குதித்தாய். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா உன் லென்ஸில் பார்த்து, "இதுக்குமா றெக்க?" என்றார்.

இறக்கையில் வரிசை வரிசையாக மயிர், பாதத்தில் மூன்றே கணு. அதை வைத்து டிரைக்கோகிராமா என்ற பேரினம் வரை சொல்லிவிட்டாய். எந்த இனம் என்று சொல்ல ஆண் வேண்டும்; ஆணின் பிறப்புறுப்பைப் பார்த்துத்தான் பிரிப்பார்களாம். நீ கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தவையோ தலைமுறை தலைமுறையாகப் பெண்களே. ஆணைக் காணாமலே பெண்ணைப் பெற்றன. உள்ளே குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவின் வேலை என்றாய். அதை மருந்தால் அகற்றிப் பார்க்கும் முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்தபோது கண்ணாடிக் குழாய்களில் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. "அதுங்களயாவது காப்பாத்துடி மேரி. அவ கை வச்சது" என்றாள் அம்மா. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் கல்லூரிப் பேராசிரியையிடம் பேசினேன். குளவிகள் முட்டை வைக்க, அந்துப்பூச்சி முட்டை ஒட்டிய அட்டைகளை அனுப்பினார். டைப் அடிக்க மட்டுமே தெரிந்த நான், வெயில் தாங்காதே என்று குழாய்களைத் தண்ணீர்ப் பானை ஓரம் வைத்துக் குளவி வளர்த்தேன்.

பேராசிரியை சொன்னபடி சில குழாய்களில் மட்டும் தேனோடு, அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தேன். முதலில் பிறந்தவை எல்லாம் பெண்கள்தான். பிறகு ஒரு காலையில் லென்ஸில் ஒன்று தெரிந்தது. உணர்கொம்பு முழுக்க, ஆணுக்கு மட்டுமே இருக்கும் நீள நீள மயிர். ஆண்!

அம்மா ஓடி வந்து குனிந்தவள் நிமிரவே இல்லை. "மாதாவே! இவ்ளோ நாளு எங்கடி ஒளிஞ்சிகினு இருந்துச்சி?"

உள்ளே குடியிருந்த பாக்டீரியா போனதும் பிறந்துவிட்டது என்றேன், ஸ்டெல்லா.

பேராசிரியையிடம் கொண்டுபோனேன்; அவர் அதைக் கண்ணாடி ஸ்லைடில் பதித்து, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கே தெரியாத உடம்புக்குள் அத்தனை மடிப்பு, அத்தனை வளைவு. கோயிலில் மண்டியிடும்போதுகூட எனக்கு அப்படி மூச்சு நின்றதில்லை. "புது இனம் இல்ல மேரி, ஏற்கெனவே பேரு வச்சதுதான்" என்றார். உனக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. யாரென்று தெரிந்தால் போதும் உனக்கு. ஸ்லைடில், சேகரித்தவர் என்று உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.

மருந்து கொடுக்காத உன் பெண் குளவிகள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சாகவிட மாட்டேன். இனி எந்த இலையில் ஒரு முட்டையைக் கண்டாலும், உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் நகரவும் மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மேரி அக்கா