அரையிறுதியில் முந்திக்கொண்ட பீரங்கி

நலம் சூழ்க! வெண்மணலாற்றின் வடகரை முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் மருதங்காவல் மன்னர், களிற்றுப்படை நாயகர், எம்பெருமான் நெடுங்கோவேள் அவர்களின் திருவுளப்படி, திருமந்திர ஓலைநாயகமாகிய அரும்பாவை எழுதியது. தென்கரைக் கானல்நாட்டுப் பேரரசியும், எங்கள் அரண்மனையில் பிறந்து அங்கே விளக்கேற்றச் சென்ற திருமகளுமான வெண்கொடித் தேவியார் திருமுன் வாசிக்கப்பட வேண்டியது. தங்கள் உப்பளங்கள் நல்ல வெயில் காண்க. தங்கள் குதிரைகள் நோயின்றி நிற்க. தங்கள் கோபம் தணிக. கடைசி வாழ்த்து மரபில் இல்லாதது, நானாகச் சேர்த்தேன்.

இரண்டு அரண்மனைகளிலும் கைபேசி புகுந்து காலம் பல ஆனபோதிலும், உறவும் பிணக்கும் ஓலையில்தான் பேசப்பட வேண்டும் என்பது நம் இரு நாட்டு வழக்கம். அவ்வழக்கப்படி தாங்கள் விடுத்த ஓலை நேற்று வந்து சேர்ந்தது. கடல் கடந்த தீவில் நடக்கும் மகளிர் சடுகுடுப் போட்டியின் அரையிறுதியில், தங்கள் திருமகள் நன்முல்லை கடைசி முறையாக எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்றபோது, எந்தத் தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பாத காரணத்தால் தாங்கள் கைபேசியில் வலைத்தளத்தைத் திறந்துவைத்துப் படபடப்போடு காத்திருந்ததாகவும், பக்கம் அசையும் முன்னே ஆற்றுக்கு அப்பால் எங்கள் கோட்டைப் பீரங்கி முழங்கிவிட்டதாகவும், பெற்ற மகள் வென்ற செய்தியைப் பெற்றவள் பீரங்கி சொல்லிக் கேட்க நேர்ந்ததாகவும் அதில் கண்டிருந்தது. ஆகவே இறுதிப் போட்டியன்று வழக்கம்போல் ஆற்றைக் கடந்து வந்து அண்ணன் அருகில் அமரப் போவதில்லை என்றும், அண்ணனுக்குத் துணையாகப் பீரங்கி இருக்கிறதே என்றும் முடித்திருந்தீர்கள்.

அதை நான் வாசித்தபோது மன்னர் உணவருந்திக்கொண்டிருந்தார். பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது. தங்கையிடம் தோற்றால் அவர் முகம் எப்படிச் சுருங்கும் என்பதைச் சிறுவயதில் தாங்களே பலமுறை கண்டிருக்கிறீர்கள். அதே முகம், நடுவில் மீசை மட்டும் புதிது. சற்றுப் பொறுத்து, இருகரையிலும் ஒரே நேரத்தில் செய்தி தரக்கூடிய வலைத்தளம் எதுவென்று ஆராய்ந்து சொல்லும்படி எனக்கு ஆணையிட்டார். சடுகுடுவில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அறியாத என்னிடம் இந்த வேலையைத் தந்ததை என்னவென்று சொல்ல!

ஆராய்ந்தேன், தேவியாரே. மன்னர் விரும்பிப் பார்ப்பது ‘நொடிக்கணக்கு’ என்னும் தளம். வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எண்ணைத் தவிர வேறொன்றும் தராது. அந்த எண்ணையும் சில வேளைகளில் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். காலிறுதியில் நடுவர் தராத புள்ளியை அது தந்தது, மன்னரும் பீரங்கியை முழக்கிவிட்டார். எண்ணை அழித்துக்கொள்ளலாம், வெடித்த மருந்தைத் திரும்ப உள்ளே திணிக்க முடியுமா?

‘வெற்றிமுழக்கம்’ என்று மற்றொன்று. ‘நன்முல்லைக்கு நடந்தது என்ன? கதறிய ரசிகர்கள்!’ என்று அது அலறியதைக் கண்டு நடுங்கிப்போய்த் தொட்டேன். கூந்தல் தைலம் வாங்கச் சொன்னார்கள். அதை மூடினால் வீட்டுமனை, அதையும் மூடினால் முந்தைய வாரத்துச் செய்தி. நன்முல்லைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அத்தளம் இனி இவ்வரண்மனையில் திறக்கப்படாது என்பதை என் சொந்தப் பொறுப்பில் தெரிவிக்கிறேன்.

தாங்கள் பார்க்கும் ‘ஆடுகள’த்தைக் கடைசியாகத் திறந்தேன். மெதுவான தளம்தான். அங்கே ஒரு பெண்மணி களத்தின் ஓரத்தில் அமர்ந்து, கண்ணால் கண்டபிறகே எழுதுகிறார். அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி அவர் எழுதியிருந்ததை மன்னருக்கு வாசித்துக் காட்டினேன்: நால்வர் சேர்ந்து அமுக்கியும் நன்முல்லை மூச்சை விடாமல் கைநீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள் என்றும், வெற்றி என்று தெரிந்ததும் துள்ளிக் குதிக்காமல், தன் காலைப் பிடித்திருந்த எதிரணிப் பெண்ணுக்கு அடிபட்டிருப்பதைக் கண்டு, அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகே தோழியரிடம் ஓடினாள் என்றும். மன்னர் அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தம் தங்கையும் இப்படித்தான், தம்மைத் தள்ளிவிட்டு அவளே தூக்கிவிடுவாள் என்றார். இதையெல்லாம் அறியாமல் வெறும் எண்ணுக்கா பீரங்கி முழக்கினோம் என்று வருந்தினார். அவர் கண் கலங்கியதை எழுத வேண்டாம் என்றும் கட்டளையிட்டார், எழுதிவிட்டேன்.

எனவே ‘ஆடுகளமே’ சிறந்தது என்று தீர்ப்பளித்தேன். ஆயினும் ஒரு குறை. எங்கள் எழுத்தர் ஒருவரைத் தென்கரைக்கு அனுப்பி, இருகரையிலும் அதே பக்கத்தைத் திறந்து சோதித்ததில், கைபேசி டவர் எங்கள் கரையில் நிற்பதால் இங்கேதான் எப்போதும் முன்னதாக வருகிறது. எந்தத் தளத்தைப் பார்த்தாலும் அண்ணன் முந்திவிடுவார். இதைக் கேட்ட மன்னர் தம் கைபேசியை அணைத்து என்னிடம் கொடுத்து, கருவூலத்தில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். இறுதிப் போட்டியன்று தாம் ஆற்றைப் பார்த்த கோட்டை மதிலில் அமர்ந்திருப்பதாகவும், தங்கை சொல்லும்வரை தமக்கு எதுவும் தெரியாது என்றும் அருளினார். நன்முல்லை வென்றால், தாங்கள் ஆற அமர வாசித்து, அழவேண்டியதை அழுது முடித்தபின், மேன்மாடத்தில் ஒரு கொடி ஏற்றினால் போதும்.

இதன்பொருட்டு வடகரைப் பீரங்கிக்காரர்க்கும் படகுத்துறையார்க்கும் பிறப்பித்த அரச ஆணையின் நகல், தங்கள் பார்வைக்கு:

“தென்கரை மேன்மாடத்தில் கொடி ஏறும்வரை ஒரு குண்டும் முழங்கலாகாது. தாய் அறிந்த பின்பே நாடு அறிக. பொழுது சாய்ந்தும் கொடி ஏறாவிடில் பீரங்கியை மூடிவிட்டுப் படகை இறக்குக. தங்கை தனியே இருப்பாள், நாம் அக்கரை செல்ல வேண்டும்.”

இது களிற்று முத்திரை. மன்னர் தம் கையாலேயே இட்டது. சற்றுக் கோணலாக விழுந்திருப்பதைப் பொறுத்தருள்க.