சம்பந்தியம்மாவுக்காகக் கற்ற மால்டீஸ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பதை மாப்பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டுவிட்டேன், அதனால் உன்னிடம் கேட்கவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், அதற்கு மேலும் பேசினால் உனக்கு சிக்னல் போய்விடும். காகிதத்துக்கு அந்த வசதி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, ஆனாலும் பேப்பரைக் கையை நீட்டித்தான் படிக்கிறார், கேட்டால் பழக்கதோஷம் என்கிறார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் என் வேலை அதேதான், காலையில் பின்வாசலில் லாரி வந்து நின்றால் நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், எந்தப் பெட்டி சமையல்கட்டுக்குள் போகலாம் எது திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக லாரி டிரைவர்கள் என்னை ரிட்டர்ன் அக்கா என்று கூப்பிடுவது உனக்குத் தெரிந்ததுதான். நோயாளி சாப்பிடுகிற காய், அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் அடியில் கைவிட்டு நாலு எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவேன். மேலே பளபளவென்று அடுக்கி அடியில் அழுகலை வைப்பது எல்லா ஊர் வியாபாரிக்கும் கைவந்த கலை. இந்தப் பழக்கத்தால்தான் போன வருஷம் கடல் கடந்து உன் வீட்டுக்கு வந்தபோது அந்த அவமானம் நடந்தது, அதை நீ மறந்திருக்கலாம், நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

சம்பந்தியம்மாவின் காய்கறிக் கடைக்கு என்னை நீதான் கூட்டிக்கொண்டு போனாய். பச்சை நிறச் சாய்ப்பு, வெளியே மூன்று வரிசைப் பெட்டி, உள்ளே குறுகலாக ஒரு அறை. எனக்குக் கை சும்மா இருக்குமா, தக்காளிப் பெட்டியில் ஒன்றை எடுத்து அமுக்கினேன், வைத்தேன், இன்னொன்றை அமுக்கினேன். மூன்றாவதை எடுத்தபோது உன் மாமியார் வந்து என் கையைப் பிடித்துப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு அவங்க மொழியில் ஏதோ சொன்னாங்க. நீ பதிலுக்கு ஏதோ சொன்னாய். கடையில் நின்ற தபால்காரர் சிரித்தார், நாயோடு வந்த அம்மா கண்ணில் நீர் வர சிரித்தாள், கல்லாவில் இருந்த பெண்ணும் சிரித்தாள். என்ன என்று உன்னைக் கேட்டேன். அத்தை கேக்கறாங்கம்மா, இங்க யாரும் தக்காளிய அமுக்க மாட்டாங்களாம், இத ஆஸ்பத்திரின்னு நெனச்சிட்டீங்களான்னு கேக்கறாங்க என்றாய். எனக்கு அங்கேயே மூஞ்சி சுருங்கிப்போனது. அதற்கப்புறம் ஐந்து வாரம் அந்தக் கடைப்பக்கமே நான் போகவில்லை. சம்பந்தியம்மா இரண்டு முறை வீட்டுக்கு வந்தபோதும் தலைவலி என்று உள்ளறையில் படுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் காய்கறியிலேயே ஊறிய என்னை, ஒரு தக்காளிக்காக, ஊர் பேர் தெரியாத ஜனங்கள் முன்னால் ஒருத்தி கேலி செய்தாள் என்று வயிறு எரிந்தது. ஊமை மாதிரி நின்றுவிட்டு வந்தோமே, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லத் தெரியவில்லையே என்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

அந்த எரிச்சலோடுதான் ஊர் திரும்பினேன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த தடவை போகும்போது அவங்க கடையில் இருக்கிற ஒவ்வொரு காயின் பெயரும் அவங்க மொழியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாடிக்கைக்காரர்கள் கூட்டமாக நிற்கிற நேரம் பார்த்துப் போய், இது அழுகல், இது வாடல், இது காய்ந்தது என்று பெட்டி பெட்டியாகத் தள்ளி வைக்க வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவங்க நிற்க வேண்டும். மாப்பிள்ளையிடம், உங்க மால்டீஸ் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது, காய் கனிப் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், உன்னிடம் சொல்ல வேண்டாம், திடீரென்று பேசி அசத்தப்போகிறேன் என்று சொன்னேன். அவர் வெள்ளந்தி, உன்னைக் கட்டிக்கொள்ளத் தமிழ் கற்றவர், மாமியாருக்குத் தன் மொழி மேல் இவ்வளவு பாசமா என்று பூரித்துப்போய் வாரம் மூன்று வார்த்தை போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அதற்கு அவர், பழிவாங்கறவங்க கத்தி தீட்டுவாங்க, நீ என்னடான்னா முள்ளங்கிக்குப் பேர் படிக்கிறே என்றார். சிரிக்கட்டும்.

லாரியிலிருந்து இறங்கும் பெட்டியில் நம் எழுத்தில் அவங்க பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்துப் படித்தேன். தக்காளிக்கு ததாம், வெங்காயத்துக்கு பஸல், பூண்டுக்கு தெவ்ம், வெள்ளரிக்கு ஹ்யார், எலுமிச்சைக்கு லுமி, ஆப்பிளுக்கு துஃப்பீஹ், திராட்சைக்கு ஏனெப். உருளைக்கிழங்கு பத்தாத்தா, அது முதல் நாளே வந்துவிட்டது. கத்தரிக்காய் புருஞ்சீல், பிரிஞ்சால் என்று நாம் சொல்வதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது, எதிரி வீட்டில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம். பூசணிக்குத்தான் உயிர் போனது. அந்த முதல் எழுத்தைத் தொண்டைக்குள் மூச்சைப் பிடித்து விட்டுச் சொல்ல வேண்டுமாம், ஆரா என்று நான் தராசுப் பக்கம் நின்று பத்துத் தடவை முயற்சி செய்ததில் எனக்கு ஏதோ அடைத்துக்கொண்டது என்று லாரி டிரைவர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்து முதுகில் தட்டினார். வைது தீர்ப்பதற்கு வேண்டியதையும் விடவில்லை. அழுகலுக்கு இம்ஹஸ்ஸர், காய்ந்துபோனதற்கு நீஷெஃப். இந்த இரண்டையும் எதற்குக் கேட்கிறேன் என்று மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை பார், எவ்வளவு நல்ல பிள்ளை. லாரி டிரைவரிடம் இந்த இரண்டு வார்த்தையிலேயே பெட்டியைத் திருப்பி அனுப்பிப் பழகினேன். அவருக்கு அர்த்தம் புரியவில்லை, என் மூஞ்சி புரிந்தது, பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

மறுபடி அங்கே வருவதற்கு எடுத்திருந்த டிக்கெட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. போன வியாழக்கிழமை மாப்பிள்ளை அவங்க அம்மா கடையில் இருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டார். நீ வேலைக்குப் போயிருந்தாய். போனைப் பெட்டிகள் பக்கம் திருப்புங்க என்றேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள், எனக்கு வேண்டியது அதுதான். எலுமிச்சைத் தோல் சுருங்கியிருந்தது, லுமி நீஷெஃப் என்று சத்தமாகச் சொன்னேன். வெள்ளரி முனை மஞ்சளாக இருந்தது, ஹ்யார் இம்ஹஸ்ஸர் என்றேன். ததாம் என்று ஆரம்பித்து அதற்கும் ஒன்று வைத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் போன் பக்கம் திரும்பினார்கள். சம்பந்தியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு போனையே பார்த்தாங்க. ஒழிந்தாள், இன்றைக்கு என் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். அவங்க என்ன செய்தாங்க தெரியுமா, எலுமிச்சைப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்பதைத் தூக்கிக் குப்பையில் போட்டாங்க. வெள்ளரியில் ஆறு போனது. அப்புறம் உள்ளே போய் இன்னும் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போன் முன்னால் வைத்து, சொல்லுங்க என்று கையைக் காட்டினாங்க. எனக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் தள்ளிய பெட்டியைப் பார்த்து அடுத்த பெட்டியை நீட்டிய வியாபாரி இவங்க ஒருத்தர்தான்.

மாப்பிள்ளை நடுவில் நின்று சிரித்துக்கொண்டே, அம்மா சொல்றாங்க, போன வருஷமே உங்கள இந்தக் கடையில கூட வச்சுக்கணும்னு நெனச்சாங்களாம், நீங்கதான் அப்புறம் வரவேயில்லையாம் என்றார். அப்படியானால் என் கையை ஏன் பெட்டியிலிருந்து எடுத்தாங்க என்று கேட்டேன். அவர் கேட்டுச் சொன்னார். அது நேற்றைய தக்காளி, நல்லது உள்ளே இருக்கிறது வாங்க என்று சொல்லித்தான் கையைப் பிடித்தாங்களாம். அப்படியானால் எல்லாரும் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் விடுவேனா, நீங்க சொல்லலைன்னா உங்க அம்மாகிட்டயே எனக்குத் தெரிஞ்ச நாப்பது வார்த்தையில கேட்டுக்கறேன் என்றேன். பாவம், சொல்லிவிட்டார். எங்கம்மா எதையும் அமுக்கிப் பாக்காம விடமாட்டாங்க, என்னையும் அப்படித்தான் அமுக்கி அமுக்கி வளத்தாங்க, அதனாலதான் இவ்வளவு தூரம் ஓடி வந்துட்டேன் என்று நீ சொன்னாயாம். அன்றைக்குச் சிரிக்காமல் நின்றது சம்பந்தியம்மா மட்டும்தானாம்.

நான் போனை வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அப்பா காபி போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது பொய்யில்லை. உன் மார்க்கை அமுக்கிப் பார்த்தேன், உன் சிநேகிதிகளை அமுக்கிப் பார்த்தேன், நீ மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது அவரையும் ஆறு மாதம் அமுக்கிப் பார்த்தேன். வலித்திருக்கும். என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பத்து நாளில் சரியாகியிருப்பேன். நீ எனக்குப் புரியாத மொழியில் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, பழியை ஒரு நல்ல பெண்பிள்ளை தலையில் போட்டாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பதினைந்து மாதம் அந்தம்மாவை நான் மனசுக்குள் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அவங்க கடை ஈயோட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒரு தப்பும் செய்யாதவங்களை இப்படி வெறுக்கவைத்தது நீ. என் வயசில் ஒருத்தியைப் பார்த்துத் தலைவலி என்று பொய் சொல்லி என்னைப் படுக்கவைத்ததும் நீதான்.

அதனால் இப்போது கேள். எனக்குப் பழிவாங்கும் எண்ணம் போய்விட்டது என்று நினைக்காதே, ஆள்தான் மாறியிருக்கிறது. சனிக்கிழமை சம்பந்தியம்மாவோடு நானே வீடியோவில் பேசினேன், மாப்பிள்ளை இல்லாமல். நாற்பது காய்ப் பெயர், நல்லது, அழுகல், கை, முகம், அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினோம். அடுத்த மாதம் நான் வருகிறேன், டிக்கெட்டில் மாற்றமில்லை. ஆனால் உன் வீட்டில் எனக்குக் கட்டில் போட வேண்டாம், அந்த அறையில் உன் துணி காயட்டும். நான் சம்பந்தியம்மா வீட்டில் தங்குகிறேன். காலையில் அவங்களோடு கடைக்குப் போவேன், லாரி வந்தால் பெட்டி பார்ப்பேன், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவேன். விமான நிலையத்துக்கும் அவங்கதான் வேனில் வருவாங்க, நீ லீவு போட்டு அலைய வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டும் என்றால் கடைக்கு வா, மற்றவர்களைப் போல வரிசையில் நில், வேண்டியதை அவங்க மொழியில் கேள், நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையைத் திட்டாதே, அவர் ஒரு பாவமும் அறியாதவர். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், நானும் சொல்கிறேன், கோபம் வேறு ஆசீர்வாதம் வேறு, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ கடைக்கு வந்து நிற்கும்போது சம்பந்தியம்மா என்னிடம் ஏதாவது சொல்வாங்க, நான் அவங்களிடம் ஏதாவது சொல்வேன், நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். நீ பேசாமல் நில். எங்களுக்கு நடுவில் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா