ஐரோப்பாக் கணக்கும் நம் பட்டறையும்

நேற்று மருமகன் முன்னால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்து அவர் போனில் ஐரோப்பாக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்காமல், "கப்பு எந்த நாட்டுக் கிளப்புக்குப் போகுதோ, அந்த நாட்டு லீக்குதான் மொத ரேங்க்குங்க மாப்ள" என்று அடித்துவிட்டேன். "அப்படி இல்லீங்க மாமா" என்றார், சிரிப்பை மென்றபடி. மகள் மெல்லவில்லை. சத்தமாகவே சிரித்தாள்.

நீ இருந்திருந்தால் தலையில் தட்டியிருப்பாய். சங்ககிரியில் நம் லாரி பாடி கட்டும் பட்டறையில், மரத்தூள் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து இதை எனக்கு எத்தனை முறை விளக்கியிருப்பாய். முந்தின நாள் மேட்ச்சைக் காலையில் போனில் பார்த்துக்கொண்டே சொல்வாய்: "கேட்டுக்க சாமி. ஒரு நாட்டுல இருந்து ஏழு கிளப்பு ஐரோப்பாப் போட்டிக்குப் போகுதுன்னு வெய்யி. ஏழும் எடுத்த பாயிண்ட்டைக் கூட்டி ஏழால வகுக்கோணும். அப்படி அஞ்சு வருசத்தைச் சேத்துனாத்தான் அந்த நாட்டு லீக்கோட பலம் தெரியும். ஒருத்தன் கப்பு வாங்கி, மத்தவனெல்லாம் தோத்தா ரேங்க் வராது."

"மொத ரவுண்டுலயே தோத்து ஊட்டுக்கு வந்தவனையுமா சேக்கறாங்க? அவனக் கழிச்சுப் போட்டு வகுத்தா ரேங்க் ஏறுமே" என்பேன் நான்.

"பத்தாவதுல நீ கணக்குல ஏன் கோட்டை விட்டேன்னு இப்பத்தான் தெரியுது. அனுப்புனது நாமதான? எப்படிக் கழிப்ப?"

பிறகு உன் நுரையீரல் கெட்டது. பலகை தூக்க முடியாமல் அதே பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பட்டறையில் நாம் மூன்று கூட்டாளிகள். நானும் நம் வெல்டரும் வண்டிக்குப் பக்கப் பலகை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "இனிமே பட்டறையில ரெண்டு பேருன்னே வெச்சுக்குங்க. என்னையச் சேத்து வகுத்தா உங்க ரேங்க்குதான் எறங்கும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். பதிலுக்குக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

"டீ ஆறுது, குடி" என்றேன்.

கொஞ்ச நாளில் நீ போய்விட்டாய். இப்போதும் புதிதாக வருகிற லாரிக்காரர்கள், "பட்டறையில எத்தனை பேருங்க கூட்டு?" என்று கேட்டால், "மூணு பேருங்க" என்றுதான் சொல்கிறேன். வெல்டர் பக்கத்திலேயே நிற்பான். திருத்த மாட்டான்.

டீயைக் குடிக்கச் சொன்ன அன்று வாய் வரை வந்து நின்றது இதுதான்: "உன்னையக் கழிச்சுட்டு ஏறற ரேங்க்கு எங்களுக்கு எதுக்கு சாமி?"