மூன்று மணிக்கு மேல் சத்தம் வரவில்லை

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணிதான் எடுத்து, "எதுவானாலும் எழுதிடும்மா, அவருக்கு அதான் சௌகரியமா இருக்கு" என்கிறார். ஆகவே எழுதுகிறேன். வேலை விஷயம்தான், பயப்பட வேண்டாம்.

ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இப்போது சொந்தமாக ஒன்று தொடங்கியிருக்கிறேன். இருப்பது ஓர் அறை. அதில் சாப்பாட்டு மேசைதான் தொழிற்சாலை. இத்துடன் வரும் பெட்டியில் ஒரு சிந்தசைசர் உதிரியாக இருக்கிறது. இசைக்கருவிதான், ஆனால் அழுத்தக் கட்டைகள் கிடையாது. குமிழ்களும் ஓட்டைகளும் மட்டும். மொத்தம் மூன்று போர்டு. முதலாவது சத்தத்தை எழுப்பும். இரண்டாவது அந்தச் சத்தத்தைச் சலித்து மழுக்கும், அல்லது கூராக்கும். மூன்றாவது கூட்டும், குறைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயரை எப்படி மாட்டுகிறோமோ அப்படிப் பேசும். வாங்குகிறவர்கள் தாங்களே சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு கடை இதை விற்பனைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் தெரியாத ஒருவர், என் கையேட்டை மட்டும் படித்து, இதைச் செய்து முடித்ததாக எழுதித் தர வேண்டுமாம். கைவேலையில் நேர்த்தியும் எலக்ட்ரானிக்ஸில் பூஜ்யமும் ஒன்றாக அமைந்த ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள்தான்.

பிழை கண்டால் தாட்சண்யம் பார்க்காமல் எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

•

மார்ச் 11

என் சுண்டெலிக்கு,

புகை நாற்றம் போன பிறகுதான் பேனாவை எடுத்தேன். அம்மாடி, என்ன அனுப்பியிருக்கிறாய்? இசைக்கருவியா, அணுகுண்டா?

பகல் முழுக்கப் பிரஸ் மிஷின் முன்னால் நின்று டப்பா மூடி அடித்துவிட்டு வரும் என் கைக்கு, உன் கடுகு சைஸ் சாமான்கள் பிடிபடவே இரண்டு ராத்திரி ஆனது. ஆனாலும் ஒன்றுவிடாமல் கால் நுழைத்து, வளைத்து, சால்டர் வைத்தேன். முதல் போர்டு அழகாக வந்திருந்தது. பெருமையாகக் கரண்ட் கொடுக்கும் பட்டை ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு வெளிச்சம், அப்புறம் புகை. ஐசி என்ற அந்தக் கறுப்புச் சில்லின் முதுகு வெடித்து ஓட்டை விழுந்துவிட்டது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன்.

உன் அண்ணி ஓடி வந்து, "வீட்டக் கொளுத்திட்டுத்தான் அடங்குவீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி.

ஆனால் குற்றம் என் மேல் இல்லை. "சிவப்புக் கோடு கீழே வரும்படி ஒயரை மாட்டவும்" என்று எழுதியிருக்கிறாய். போர்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்பவனுக்கு மேலே எது, கீழே எது? உன் கீழே எனக்கு மேலே ஆகிவிட்டது. இதை உடனே திருத்து.

இன்னொன்று. நான் எப்போதிலிருந்து "நீங்கள்" ஆனேன்? "வாடா போடா" என்று கூப்பிடாத குறையாக வளர்ந்தவள் நீ. உன் புருஷன் வீட்டை விட்டு நீ வெளியே வந்த செய்தியைக்கூட மற்றவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் என்று ஒருவன் குத்துக்கல்லாட்டம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

புது ஐசி அனுப்பு. நான் விடுவதாக இல்லை.

அன்புடன்,
அண்ணன்

•

மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்ததும் பதறிவிட்டேன். கண்ணில் ஏதும் படவில்லையே? இனி முகத்தைப் போர்டுக்கு மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடாதீர்கள்.

குற்றம் என்னுடையதுதான். கையேட்டிலிருந்து மேலே, கீழே என்ற சொற்களையே எடுத்துவிட்டேன். "சிவப்புக் கோடு, வெள்ளைப் புள்ளி இருக்கும் பக்கம்" என்று மாற்றியிருக்கிறேன். புது ஐசி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உங்கள் துணிச்சலுக்கு.

இனி சோதனை. முதல் போர்டின் பெரிய குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணியில் ஆரம்பித்து, மேலே சுற்றி, ஐந்து மணியில் முடியும். மெதுவாகத் திருப்பினால் சத்தம் தடிமனில் தொடங்கி மெலிந்துகொண்டே போய், முடிவில் கொசுவின் குரலுக்கு வரும். நடுவில் எங்கும் அறுபடக் கூடாது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னேன் அண்ணா. விடுங்கள், ஆறிய சோறு.

இப்படிக்கு,
தங்கை

•

மார்ச் 27

சுண்டெலிக்கு,

மூன்று போர்டையும் சேர்த்து ஸ்பீக்கரில் மாட்டினேன், ஊமை வாயைத் திறந்தது! ஏழு மணியில் எருமை கனைப்பது போல ஒன்று வந்தது பார், மேசையில் இருந்த திருகாணியெல்லாம் குதித்தன. திருப்பத் திருப்ப வண்டானது, குழலானது, விசிலானது. சின்னப் பையன் மாதிரி சிரித்துவிட்டேன். நல்லவேளை, அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு நான் டிவி வைத்தாலே தலைவலி. குறைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று விட்டுவிட்டாள்.

சரி, இனிப்பு முடிந்தது. தாட்சண்யம் பார்க்காதே என்றாய், பார்க்கவில்லை. உன் போர்டில் கோளாறு இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் சத்தம் வரவில்லை. இரண்டே முக்காலில் தேய்ந்து, மூன்றில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஐந்து மணி வரை மயான அமைதி. சால்டர் வைத்த இடத்தையெல்லாம் உருக்கி மறுபடி வைத்தேன். குமிழையே கழற்றி மாற்றினேன். உன் இரண்டாவது ஐசியையும் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி என்றால் மூன்று மணிதான்.

இதை இப்படியே விற்காதே அம்மா. பேர் கெட்டுவிடும். கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

•

ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பிக் கடைக்குப் போக வேண்டிய சரக்கை நிறுத்தினேன். கட்டி ஒட்டிய பெட்டிகளைப் பிரித்தேன். நாலைந்தைச் சேர்த்து, அலையைத் திரையில் காட்டும் கருவியில் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஐந்து மணி வரை தெளிவாகப் பேசுகின்றன. உங்களுக்கு வந்த உதிரிகளையும் அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றாக நானே சோதித்தேன். கடைக்காரர் "இன்னொரு தடவை தள்ளிப் போட்டா வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சால்டர் வைக்கத் தெரியாதவர் போர்டு கோணல் என்கிறார்.

எனக்கு இது புதிதும் இல்லை. நான் சொல்வதை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று மூன்று வருடத்துக்கு முன்பே தெரிந்துகொண்டேன். உங்கள் வாசலில் டாக்சி நிற்க, பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலே என் ஆயுசுக்கும் போதும். அதற்குப் பிறகும் உங்களிடம் ஒன்றைக் கேட்டு வந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

போர்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேறு ஒருவரை வைத்துச் செய்துகொள்கிறேன்.

தங்கை

•

ஏப்ரல் 9

சுண்டெலி,

இதை உட்கார்ந்து படி.

திருப்பி அனுப்பக் கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போர்டை மாட்டினேன். உன் அண்ணிக்கு அன்று விடுமுறை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மூன்று மணியில் நின்றது. நான்கு, நாலரை என்று திருப்பினேன். மூன்றாவது போர்டில் சத்தக் குமிழை முழுதாகத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. செத்த போர்டு என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், உன் அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவருகே நிற்கிறாள். முகமெல்லாம் சுருங்கியிருக்கிறது.

"நிறுத்துங்க! காது கிழியுது, நிறுத்துங்க!"

"எதை நிறுத்த? சத்தமே வரலையே."

"விளையாடாதீங்க."

"யாரு விளையாடுறா? நீதான் விளையாடுற."

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள். பிறகு என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்து, "கேக்குற வரைக்கும் கையத் தூக்கிட்டே இருங்க" என்றாள். தூக்கினேன். எருமை, வண்டு, குழல், விசில். சத்தம் நின்றது, கையை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கண்ணிலிருந்து நீர் வழிகிறது.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து அவரும் இதே விளையாட்டைத்தான் விளையாடினார். படம் போட்டுக் காட்டினார்: கோடு நேராக வந்து, ஓரிடத்தில் கிணற்றில் குதித்த மாதிரி விழுகிறது. பிரஸ் மிஷின் செய்த வேலையாம். தடித்த சத்தம் கேட்கும், மெல்லிசு கேட்காது. ஆம்பிளைக் குரல் பிடிபடும், பெண் குரல் நழுவும். பேச்சு காதுக்கு வரும், ஆனால் பாதி எழுத்து வராது. மீதியை நானே ஊகித்து நிரப்பிக்கொள்வேனாம். இத்தனை நாளாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

போனைத் திட்டினேன், லைனைத் திட்டினேன், டிவியைத் திட்டினேன், கடைசியில் உன் போர்டைத் திட்டினேன். என் காதை மட்டும் திட்டத் தோன்றவில்லை. கடைக்காரருக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன்: போர்டில் குறையில்லை, சோதித்தவன் காதில்தான் குறை என்று.

உன் அண்ணி இப்போது அந்தச் சங்குப் பழமொழியைச் சொல்வதில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். "நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்சி உறுமிக்கொண்டு நின்றது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, நான் கிளம்பிடட்டுமா?" என்றாய். "சரிம்மா, பாத்துப் போயிட்டு வா" என்றேன். இதில் ஆயுசுக்கும் போதுகிற மாதிரி என்ன இருக்கிறது?

ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். என் காதில் விழுந்தது கடைசியில் இருந்த "டட்டுமா" மட்டும்தான். முன்னால் இருந்ததை நான் நிரப்பிக்கொண்டேனோ? நீ என்ன கேட்டாய்? எழுது.

அண்ணன்

•

ஏப்ரல் 15

அண்ணா,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சால்டரிங் அயர்ன் மேசைவிரிப்பில் கிடந்து, அது கருகிப் புகை வந்த பிறகுதான் எழுந்தேன்.

நான் கேட்டது கிளம்பிடட்டுமா இல்லை. இருந்துடட்டுமா.

"அண்ணா, நான் இங்கயே இருந்துடட்டுமா?"

பத்து நாளாக உன் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்ததே அதைக் கேட்கத்தான். வாய் வரவில்லை. டாக்சி வந்து நின்ற பிறகுதான் வந்தது. நீ சிரித்த முகமாக என் தலையைத் தடவி, சரிம்மா, பாத்துப் போயிட்டு வா என்றாய். பையை என் கையிலிருந்து வாங்கி நீயே டாக்சிக்குள் வைத்தாய். கையசைத்தாய்.

அண்ணன் என் மனம் நோகாதபடி மறுத்துவிட்டார் என்று நினைத்தேன். அண்ணியோடு பேசி முடிவெடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். டாக்சியிலேயே நீ "நீங்கள்" ஆகிவிட்டாய். திரும்பவும் அந்த வீட்டுக்கே போனேன். அதற்கப்புறம் ஒரு வருடம் அங்கே இருந்தேன். அதை எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்பாய். முதல் தடவை கேட்கவே பத்து நாள் ஆனவளுக்கு இரண்டாம் தடவை வாய் வருமா?

இத்தனை காலம் உன் மேல் ஒரு கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன் அண்ணா. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றேன், தொழில் கற்றேன். இப்போது பார்த்தால் அந்தக் கோபத்துக்கு ஆளே இல்லை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் வருகிறது.

எனக்கு இப்போது அறை இருக்கிறது, வேலை இருக்கிறது. வந்து தங்க வேண்டிய அவசியம் இல்லை. அன்று இருந்தது.

சுண்டெலி

•

ஏப்ரல் 20

என் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன், கண்ணும் என்னை ஏமாற்றுகிறதோ என்று. அவளால் அந்த வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் அடுப்படியில இருந்தேன், வாசலுக்கு வந்து தொலைச்சிருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பையை நானே வாங்கி வைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. கனமாக இருந்தது, பத்து நாளுக்கு இவ்வளவு துணியா என்று சிரித்தேன். இந்தக் கையால்தான் தூக்கி வைத்தேன். இப்போது அந்தக் கையாலேயே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

காதுக் கருவி அடுத்த வாரம் வரும். அதுவரை யாராவது பேசினால் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வரும்போது எதிரே உட்கார்ந்து பேசு. வருவாய் என்று நான் சொல்லவில்லை. உன் அண்ணிதான் சொல்கிறாள்.

சோதித்தவன் என்ற முறையில் கடைசியாக ஒரு திருத்தம். குமிழைத் திருப்பிப் பார்க்கும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்: இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக்கொள்ளவும். காரணம் எழுத வேண்டாம்.

உனக்கு இனி அவசியம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனாலும் கேட்ட கேள்வி கேட்டபடியே வாசலில் நிற்கிறது. பதில் சொல்லாமல் என்னால் கதவைச் சாத்த முடியாது. அன்று இந்தக் காதில் அது முழுசாக விழுந்திருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடியது இவ்வளவுதான்:

"இதெல்லாம் ஒரு கேள்வியா? பையை உள்ள கொண்டு வை."

உன் அண்ணன்